தனலெட்சுமி வீட்டில் குப்பை இல்லை

கடிதம் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறை ஒரு பிளாஸ்டிக் ஃபைலுக்குள் இருந்தது. ஃபைல் ஓர் அட்டைப் பெட்டிக்குள், குமிழி குமிழியாக இருக்குமே, அந்தத் தாளால் மூன்று சுற்று சுற்றிப் படுத்திருந்தது. கூடவே 'மண்ணைக் காப்போம்' என்று எழுதிய பிளாஸ்டிக் பேனா ஒன்று இலவசம். அனுப்பியவர்கள், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் நிலைத்த குடும்ப வாழ்வியல் பேரவை.

பெட்டியைப் பிரித்ததும் தனலெட்சுமிக்கு முதலில் சந்தோஷம்தான். பெட்டி கத்திரி நாற்று வைக்க ஆகும். குமிழித் தாள் முட்டை சுற்றி வைக்க ஆகும். பேனாவை மகள் எழுதுவாள். கடிதத்தைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

"அன்புடையீர், தங்கள் குடும்பம் நிலைத்த வாழ்வு வாழ்கிறதா என்பதைப் பேரவை நேரில் மதிப்பீடு செய்யும். நூற்றுக்கு அறுபது புள்ளி பெறாத குடும்பங்களின் தோட்ட அனுமதி ரத்து செய்யப்பட்டு, அந்நிலம் பேரவை கட்டவிருக்கும் பசுமை மண்டபத்துக்குக் கார் நிறுத்துமிடமாக மாற்றப்படும்."

கிள்ளானில் அவர்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால், பெரிய லோங்காங் சாக்கடைக்கு இந்தப் பக்கம், ஒரு நீளத் துண்டு நிலம். பேரவை அதைக் குத்தகைக்கு எடுத்து எட்டுக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. திறப்பு விழாவில் எட்டுக் குடும்பமும் மண்வெட்டி பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது. படம் எடுத்த கையோடு ஏழு பேர் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். எட்டாவது ஆள் தனலெட்சுமி. மற்ற ஏழு மண்வெட்டிகளையும் அவள்தான் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள்.

அந்த நிலத்தில் கத்திரி, வெண்டி, முருங்கை, மரவள்ளி, மூன்று கோழிகள், ஒரு சேவல். கோழிகளின் பெயர் கூட்டல், கழித்தல், பெருக்கல். சேவல் வகுத்தல். பெயர் வைத்தது பதினோரு வயது தாமரை.

இந்தத் தாமரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷம் பள்ளிக்குப் போனாள். இரண்டு வருஷமும் வாயைத் திறக்கவில்லை. பள்ளியைக் குற்றம் சொல்ல முடியாது, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே எந்த டீச்சர்தான் என்ன செய்வார்? மணி அடித்தால் இந்தப் பெண்ணுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு வீட்டிலும் பேச்சு நின்றது. கேட்டதற்குத் தலையாட்டுவாள். தனலெட்சுமி போகாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. கடைசியில் முறைப்படி எழுதிக் கொடுத்துப் பள்ளியிலிருந்து எடுத்து, வீட்டிலேயே பாடம் என்று முடிவு செய்து, முதல் நாள் தோட்டத்துக்குக் கூட்டி வந்தாள். ஒரு நத்தை வெண்டி இலையைத் தின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்த தாமரை, "அம்மா, இதுக்குப் பல்லு எங்க இருக்கு?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு மூன்று வருஷமாக நிற்கவில்லை. தனலெட்சுமி அந்த நத்தையைக் கொல்லவில்லை. இன்றுவரை அந்தத் தோட்டத்தில் நத்தைகளுக்கு ஒரு வெண்டிச் செடி தனி.

ஆக, நிலம் போனால் கத்திரிக்காய் மட்டும் போகாது என்பது அவளுக்குத் தெரியும். அவள் கணவன் லோகனுக்கும் தெரியும். அதனால்தான் அவன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "நாமதானே தனம் இந்த ஊர்லயே குப்பை போடாத ஆளுங்க? அறுபது என்னா, நூத்தியிருபது குடுப்பாங்க பாரு," என்றான். நல்ல மனுஷன். ஏர்கோன் ரிப்பேர் செய்பவன். ஊரையெல்லாம் குளிரவைத்துவிட்டு, வீட்டில் ஏர்கோன் இல்லாமல் வேர்த்துக் கிடப்பவன்.

தனலெட்சுமி கொம்யூட்டர் ரயில் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையில் இரண்டாம் மாடி ஏறினாள். கதவைத் திறந்ததும் பல் கிட்டியது. ஏர்கோன் பதினாறில் இருந்தது. செயலாளர் பிரகலாதன் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஏன் சார் இவ்வளவு குளிரு?"

"கோட் போட்டிருக்கேன் இல்லையா அம்மா? கோட் போடணும்னா குளிர் வேணும்," என்றார் பொறுமையாக.

நிலத்தை எடுக்க வேண்டாம் என்று எழுதிய விண்ணப்பத்தை அவள் நீட்டினாள். போன வருஷக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அழகாக எழுதியிருந்தாள். பிரகலாதன் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது பழைய தாள்."

"ஆமா சார். மறுபயன்பாடு."

"மறுபயன்பாடு பத்தி எழுதுறதுக்குப் புதுத் தாள் வேணும் அம்மா. இல்லைன்னா நாங்க எப்படி நம்புறது?" என்றவர், ஒரு பாரத்தை, அச்சடித்த படிவத்தை, எடுத்து வைத்தார். "பதினாலு பக்கம். நாலு நகல். கலர் பிரிண்ட். ஒரு பக்கம் மட்டும்தான் அச்சடிக்கணும்."

"மறுபக்கம் சார்?"

"வெறுமையா இருக்கணும். அதுதான் மரியாதை."

அதோடு விட்டாரா? 'நெகிழியில்லா நாளை' என்ற கருத்தரங்குக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அது ஒரு பெரிய ஹோட்டலில் நடந்தது. ஒவ்வொரு நாற்காலி முன்னாலும் இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் போத்தல். ஒன்று குடிக்க, ஒன்று மேசை அழகாக இருக்க. பேரவைத் தலைவர், டத்தோ பட்டம் பெற்ற திருச்செல்வம், இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் குத்துவிளக்கு, வந்ததும் மாலை, வந்ததும் பொன்னாடை. பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை. பிறகு டத்தோ பேசினார்.

"நான் சிக்கனத்தை உயிராக நேசிப்பவன். என் வீட்டில் ஏழு கார்கள் நிற்கின்றன. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு காரில்தான் போகிறேன்!" கைதட்டல். "என் பேரப்பிள்ளைகள் மண்ணைத் தொட்டு வளர வேண்டும் என்பது என் கனவு. அதற்காகவே அவர்களை சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியிருக்கிறேன்!" எழுந்து நின்று கைதட்டினார்கள். தனலெட்சுமியும் தட்டினாள். தட்டாதவர்களுக்குப் புள்ளி குறைப்பார்களோ என்று பயம்.

மதிப்பீட்டு நாள் வந்தது. மூன்று மதிப்பீட்டாளர்கள் மூன்று காடியில், ஆளுக்கொரு காரில், வந்தார்கள். மூன்று காடியும் வாசலில் எஞ்சின் அணைக்காமல் நின்றன, டிரைவர்களுக்கு வேர்க்கக் கூடாது பாருங்கள். பிரகலாதன் பாரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

"பிரிவு ஒன்று. மாசம் எத்தனை கிலோ பொருள் மறுசுழற்சிக்கு அனுப்புறீங்க?"

"ஒண்ணும் அனுப்புறதில்ல சார். எங்க வீட்டுல குப்பையே வராது."

"வராதுன்னா?"

"காய்த் தோலு கோழிக்கு. கோழி திங்காதது மண்ணுக்கு. போத்தலு ஊறுகாய்க்கு. பெட்டி நாத்துக்கு. மாவு பாக்கெட்டுல வெதை போட்டு வைப்பேன்."

"அப்ப மறுசுழற்சி செய்யறதே இல்லை," என்று பிரகலாதன் பூஜ்யம் போட்டார். "குறைந்தபட்சம் இருபது கிலோ வேணும் அம்மா. படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. சுற்றுச்சூழல் மேல கொஞ்சமாவது அக்கறை வேணாமா?"

பக்கத்து வீட்டுத் தங்கமணி ஆன்டிக்கு அன்று காலைதான் மதிப்பீடு முடிந்திருந்தது. அவருக்கும் பெயரளவில் ஒரு துண்டு நிலம் உண்டு. ஆறு வருஷமாக அது எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தினம் மூன்று பார்சல் வரும் வீடு. மாதம் நாற்பத்தைந்து கிலோ அட்டையும் பிளாஸ்டிக்கும் போகிறது. முழுப் புள்ளி.

"பிரிவு இரண்டு. போன மாசத்தைவிட கரண்டு பில் இருபது சதவீதம் குறைஞ்சிருக்கணும்."

பில்லைக் காட்டினாள். போன மாதமும் அதே, இந்த மாதமும் அதே. இரண்டு விளக்கு, ஒரு காற்றாடி, ஒரு ஐஸ்பெட்டி. இதில் எதைக் குறைப்பது?

"முயற்சியே இல்லையே!" என்று வருத்தப்பட்டார் பிரகலாதன். "பக்கத்து வீட்டு அம்மாவைப் பாருங்க. அஞ்சு ஏர்கோன் ஓடுச்சாம். இப்ப நாலு. என்ன ஒரு தியாகம்!" இன்னொரு பூஜ்யம்.

மூன்றாம் பிரிவு, வீட்டுக் கல்வி. தாமரை எருக்குழியில் வெப்பமானியைச் செருகிவிட்டு நின்றாள். மூன்று பெரியவர்கள் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. "அங்கிள், கைய வச்சுப் பாருங்க, உள்ள அறுபது டிகிரி! நெருப்பே வைக்கல. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க திங்கிற சூடு அது. நீங்க சோறு தின்னா உங்க உடம்பு சூடாகுதுல்ல, அது மாதிரி. போன மாசம் மழை ஓவரா பேஞ்சி நாப்பதுக்கு எறங்கிருச்சு, அப்புறம் நான் காஞ்ச எலை போட்டு…" என்று இருபது நிமிஷம் பேசினாள். பிரகலாதன் அவள் சொன்னதில் எதற்காவது டிக் போட இடமிருக்கிறதா என்று பதினாலு பக்கத்தையும் புரட்டினார். இல்லை.

"வகுப்பறை எங்கே?"

"இதான் சார்," என்றாள் தனலெட்சுமி.

"வெண்பலகை? கால அட்டவணை? சீருடை? மணி?"

"மணி எதுக்கு சார், ஒரே ஒரு புள்ளைக்கு?"

"மணி இல்லாமல் ஒரு பாடம் முடிஞ்சிருச்சுன்னு பிள்ளைக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, 'பிள்ளை அனுமதி பெறாமல் பேசுகிறது' என்று எழுதி இரண்டு புள்ளி கழித்தார்.

மொத்தம் ஏழு. தேத்தண்ணிக்குக் கிடைத்த ஒன்பதில் தாமரையின் பேச்சுக்கு இரண்டு கழிந்தது. காகிதக் கோப்பையில் கொடுத்திருந்தால் பத்து, எவர்சில்வர் டம்ளர் என்பதால் ஒன்று போயிற்று. மறு மதிப்பீட்டுக்கு இரண்டு மாதம் தவணை தந்தார்கள்.

அன்று தனலெட்சுமி சோறு சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் எழுந்து, முகம் கழுவி, வேலியோரம் போய் நின்று, வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "ஆன்டி, கொஞ்சம் குப்பை கிடைக்குமா?"

தங்கமணி ஆன்டிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் உருகிவிட்டார். "அட, இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிற? அள்ளிக்கோ லா! எங்க வீட்டுல இல்லாததா?" அன்றிலிருந்து தினம் ஒரு மூட்டை வேலி தாண்டி வந்தது. இரண்டாம் வாரம் ஆன்டி இன்னும் ஒரு படி மேலே போனார். "உனக்காக நேத்து ரெண்டு மிக்சி எக்ஸ்ட்ரா ஆர்டர் பண்ணேன் தனம். பெட்டி நல்லா கனமா வரும்." தனலெட்சுமிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பெட்டிகளில் நாற்று வைக்கக் கை பரபரத்தது. வைக்கக் கூடாது, வைத்தால் எடை குறையும்.

லோகன் பட்டறையிலிருந்து ஒரு பழைய ஏர்கோனைக் கொண்டுவந்து மாட்டினான். முதல் மாதம் ராப்பகலாக ஓடவிட்டு பில்லை ஏற்ற வேண்டும், அடுத்த மாதம் அணைத்துக் குறைக்க வேண்டும், அதுதான் திட்டம். ஜன்னலையெல்லாம் திறந்து வைத்து, கிள்ளான் முழுக்கக் குளிரட்டும் என்று ஓடவிட்டார்கள். முதல் மூன்று நாள் லோகன் குற்ற உணர்ச்சியில் திண்டாடினான். நாலாம் நாள் போர்வை கேட்டான். மாதம் முடிந்து அணைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதெல்லாம்கூடச் சிரித்துக்கொண்டே செய்துவிட்டார்கள். மணிதான் மோசம் செய்தது.

மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து லோகன் ஒரு கைமணி கொண்டுவந்தான். நல்ல வெண்கலம், ஆட்டினால் லோங்காங் வரைக்கும் கேட்கும். வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் வெண்பலகை மாட்டி, நீல கவுன் தைத்துப் போட்டு, அட்டவணை ஒட்டி, எட்டு மணிக்கு முதல் மணி. தனலெட்சுமியே அடித்தாள். முதல் நாள் தாமரை சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் சிரிக்கவில்லை. பத்தாம் நாள், கொடியில் துணி காய்கிறது, மழை இறங்கப் போகிறது, இந்தப் பெண் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், பேச அனுமதி வேண்டுமாம். அனுமதி கிடைப்பதற்குள் துணி நனைந்துவிட்டது. இருபதாம் நாளுக்கு மேல் கையையும் தூக்கவில்லை.

"ரெண்டு மாசந்தானே கண்ணு, கொஞ்சம் பொறுத்துக்க," என்று தனலெட்சுமி கெஞ்சினாள். தாமரை தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் தனலெட்சுமிக்குத் தெரிந்ததுதான். பழைய தலையாட்டல் அது. பிள்ளைக்காக நிலத்தைப் பிடிக்கப் போய், நிலத்துக்காகப் பிள்ளையை விடுகிறோமோ என்று நினைத்தாள். ஆனாலும் மறுநாள் எட்டு மணிக்கு மணி அடித்தாள். வேறென்ன செய்வாள் பாவம்?

மறு மதிப்பீட்டில் தொண்ணூற்று நாலு. நாற்பது கிலோ குப்பையை நிறுத்துப் பார்த்த பிரகலாதனுக்குக் கண் கலங்கியது. கரண்டு எழுபது சதவீதம் குறைந்திருந்தது, பேரவையின் வரலாற்றிலேயே இல்லாத சாதனையாம். வெண்பலகைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்த தாமரையைப் பார்த்து, 'அமைதியான, நன்கு பயின்ற பிள்ளை' என்று எழுதி இரண்டு புள்ளி கூடுதலாகப் போட்டார்.

"மாதிரிக் குடும்பம் நீங்கதான் அம்மா! டத்தோவே நேர்ல வந்து, உங்க தோட்டத்துல வச்சே அனுமதிப் பத்திரத்தைக் குடுக்கிறார். முந்நூறு பேர் விழா!"

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை இங்கேதான் ஆரம்பம். விழாவன்று சனிக்கிழமை காலை இரண்டு லோரி வந்து நின்றது. பந்தல் கம்பி, மேடைப் பலகை, ஜெனரேட்டர், முந்நூறு நாற்காலி. கடைசியாக, நாலு பேர் தூக்க, டத்தோவின் சிம்மாசனம். சிவப்பு வெல்வெட், தங்கக் கலர், கைப்பிடியில் சிங்கத் தலை. பேரவையின் சொந்தச் சொத்து. வேறு எதிலும் டத்தோ உட்கார மாட்டார், இடுப்பு ஒத்துழைக்காது என்று பேச்சு.

"மேடை எங்க போடுறது அம்மா?"

"இங்க முடியாது சார், கத்திரி பூ வச்சிருக்கு."

"அது மேடையைத் தாங்குமா?" என்று அக்கறையாகக் கேட்டார் பிரகலாதன்.

கத்திரி தாங்கவில்லை. வெண்டியும் தாங்கவில்லை. மரவள்ளியை வெட்டி வழி செய்தார்கள். கோழிக்கூடு பந்தல் காலுக்கு இடைஞ்சல் என்று பிரித்துப் போட்டார்கள். ஆட்கள் மண்ணை இடித்து இடித்துச் சமமாக்கினார்கள். தனலெட்சுமி ஓடி ஓடிக் கத்தினாள். "சார்! தோட்டமே போச்சு! அப்புறம் அனுமதி எதுக்கு சார் எனக்கு?"

"பதட்டப்படாதீங்க அம்மா. தோட்டம் திரும்ப வளரும். டத்தோவோட தேதி திரும்பக் கிடைக்காது."

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஏழு மண்வெட்டியில் ஒன்றை எடுத்திருப்பாள். லோகன் கையைப் பிடித்துக்கொண்டான். பத்திரம் மட்டும் கைக்கு வரட்டும், மூன்று வருஷத்துக்கு நிலம் நம்முடையது, மண்ணை மறுபடி கொத்திக்கலாம் என்று காதில் சொன்னான்.

விழா விழாவாகத்தான் நடந்தது. சிம்மாசனத்தில் டத்தோ, கழுத்தில் எட்டு மாலை. பிரகலாதன் மேடையில் நின்று பத்திரத்தின் ஏழு நிபந்தனைகளையும் ஒவ்வொன்றாக வாசித்தார். "நிபந்தனை நான்கு! இந்நிலத்தின் மேல் உள்ள எந்தப் பொருளையும், அனுமதி பெற்றவரின் எழுத்து மூலச் சம்மதமின்றி, எவரும் அகற்றக் கூடாது!" யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலத்தின் மேல் கண். முன் வரிசை ஓரத்தில் நீல கவுன் போட்டு, மடியில் புத்தகப் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாமரை மட்டும் கேட்டாள்.

டத்தோ மைக்கைப் பிடித்தார். "இந்த ஏழைத் தாய் மாதம் நாற்பது கிலோ குப்பை போடுகிறார். நம் சமுதாயம் என்றைக்கு இந்த அளவுக்கு உயரப் போகிறது? இவர் வளர்த்த தோட்டத்தைக் கண்ணாரக் காண வேண்டும் என்றுதான் ஓடோடி வந்தேன். நேரமின்மையால் அடுத்த முறை காண்கிறேன்!" அவர் வெண்டிப் பாத்தியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வாடகை நாற்காலிக்காரன் நாற்காலிகளையும் பந்தலையும் ஏற்றிக்கொண்டு போனான். மேடையும் சிம்மாசனமும் மட்டும் நின்றன, பேரவை வேன் ஞாயிறு வருமாம். மிச்ச சோறு, வாழைப்பழத் தோல், உதிர்ந்த பூ, முந்நூறு பொட்டலம். டத்தோ வழக்கம்போல மாலைகளைக் கழற்றி நாற்காலியிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். தனலெட்சுமி மேடைப் படியில் உட்கார்ந்து, லேமினேட் செய்த பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தாமரை சத்தமில்லாமல் வந்து புத்தகப் பையைத் திறந்தாள். உள்ளே குமிழித் தாள். தாளுக்குள் எட்டு முட்டை. புதன்கிழமை முதல் கழித்தல் கோழி அடையில் இருந்தது, கூட்டைப் பிரித்தபோது இவள் முட்டைகளை அள்ளிப் பையில் போட்டு, விழா முடியும் வரைக்கும் வெயிலில் மடியில் வைத்துச் சூடு காத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது வெல்வெட்டின் மேல், மாலைகளை வட்டமாக ஒதுக்கி, நடுவில் முட்டைகளை அடுக்கினாள். காலையிலிருந்து கூட்டைத் தேடி அலைந்த கழித்தல் ஒரே தாவாகத் தாவி ஏறி, இறகைப் பரப்பி உட்கார்ந்துகொண்டது. தாமரை மழைக்கு ஒரு தார்ப்பாயை மேலே கட்டினாள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிரகலாதன் வேனோடு வந்தார். அன்று மாலை ஐந்து மணிக்குக் காஜாங்கில் இன்னொரு விழா. டத்தோ அங்கேயும் உட்கார்ந்தாக வேண்டும்.

"இது என்ன அம்மா, கோழி?" என்று நாற்காலியின் மேல் கை வைத்தார். கழித்தல் ஒரு கொத்துக் கொத்தியது. தனலெட்சுமி பயந்து போய், "இருங்க சார், எடுத்துடுறேன்," என்று ஓடினாள். பத்திரத்தை ரத்து செய்துவிட்டால்?

அப்போது மணி அடித்தது.

எட்டு மணிக்கு அடிக்கும் அதே கைமணி. அடித்தவள் தாமரை. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, இன்னும் இரண்டு ஆட்டு ஆட்டினாள். முப்பத்தைந்து வருஷ அரசாங்க உத்தியோகம் பிரகலாதனின் உடம்பில் இருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் கால் தானாகச் சேர்ந்து நேராக நின்றுவிட்டார். வேன் டிரைவரும் அவர் பின்னால் நின்றான்.

"அங்கிள், பாரம் கொண்டாந்தீங்களா?" என்றாள் தாமரை.

"பாரமா?"

"நேத்து நீங்கதானே மைக்குல வாசிச்சீங்க? நாலாவது நிபந்தனை. நெலத்துமேல இருக்குற பொருளை எழுத்து மூலமா சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாதுன்னு. பாரம் பதினாலு பக்கம், நாலு நகல். ஆனா இப்ப கொண்டாந்தாலும் முடியாது அங்கிள். ஏன்னா இது அடையில இருக்கு. மொத்தம் இருபத்தோரு நாள், அஞ்சு ஆச்சு, இன்னும் பதினாறு பாக்கி. முட்டை முப்பத்தேழரை டிகிரியில இருக்கணும். அது தெனம் அலகால உருட்டி உருட்டி விடும், இல்லாட்டி உள்ள குஞ்சு ஓட்டுல ஒட்டிக்கும். இப்ப எடுத்தீங்கன்னா எட்டும் செத்துரும். நாக்காலி செத்துருமா? சாவாது. அதனால நாக்காலி காத்திருக்கலாம். அப்புறம் இந்த மேடை இருக்குல்ல, இதுக்குக் கீழ மண்ணு இறுகிப் போச்சு, மண்புழு மூச்சு விட முடியாது. அந்த மிச்ச சோத்தையும் மாலையையும் காஞ்ச எலையோட கலந்து போட்டா மூணு மாசத்துல…"

தனலெட்சுமி கோழியிடம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு மாதமாகத் தேங்கியிருந்தது எல்லாம் கொட்டுகிறது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, வாய் முழுக்கச் சிரிப்பு.

பிரகலாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். கடைசியில் தனலெட்சுமியைப் பார்த்து, "அம்மா, பிள்ளைக்கு நீங்களாவது கொஞ்சம் எடுத்து…" என்று ஆரம்பித்தார்.

"சார்," என்றாள் தனலெட்சுமி. "பாடம் நடக்குது. பேசணும்னா கையத் தூக்குங்க."

அவர் தூக்கினார். சத்தியமாகத் தூக்கினார். தாமரை அவரைக் கவனிக்க இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று, மண்புழுவுக்கு எத்தனை இதயம் என்று சொல்லி முடிக்க வேண்டியிருந்தது.

அன்று மாலை காஜாங்கில் டத்தோ திருச்செல்வம் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. எளிமையை முன்னிட்டுத் தாமே சிம்மாசனத்தைத் துறந்ததாகப் பேசி, அதற்கும் ஒரு பொன்னாடை வாங்கிக்கொண்டார். வெண்பலகை அதற்குள் தங்கமணி ஆன்டியின் பேத்தி வீட்டுக்குப் போய்விட்டது. கால அட்டவணை எருக்குழிக்குள் போயிற்று.

பதினாறு நாள் முடிந்து, இன்னும் இரண்டு நாள் விட்டுப் பிரகலாதன் வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், முகமெல்லாம் வேர்வை. பதினாலு பக்கம், நாலு நகல், கலர் பிரிண்ட். வெல்வெட்டின் மேல் ஏழு குஞ்சுகள் சிங்கத் தலையில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தன. புதுசாகக் கொத்திய பாத்தியில் கால் வைக்காமல் சுற்றி வந்து பாரத்தை நீட்டினார்.

தாமரை ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு அடுக்கி, பத்திரமாக அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"பின்னாடி எல்லாம் வெறுமையா இருக்கு அங்கிள். இவ்வளவு தாளை வீணாக்கினா எப்படி நம்புறது? பழைய காலண்டர் இருந்தா அதுல எழுதிக்கிட்டு வாங்க," என்றாள்.